சிறுபாதை எஞ்சினுக்கு எந்த மொடலை அடிப்படையாக வாங்குவது? எச்ஓ (87இல் ஒன்று) அளவில் ஒரு மதிப்பீடு

பற்சில்லு உடைந்த மொடல் ரயில் எஞ்சினுக்குக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உதிரிப்பாகம் கிடையாது. வெளிநாட்டுப் பொதி வரும்வரை அது அலுமாரியில்தான் நிற்கும். புகைபோக்கி, கைப்பிடிக் கம்பி, கூரை, ஏணிப்படி, முன்விளக்கு எல்லாவற்றையும் வீட்டு மேசையிலேயே வெட்டி ஒட்டிச் செய்துவிடலாம். அதனால்தான் இந்த மதிப்பீட்டில் அழகுக்குக் குறைவாகவும், அடிச்சட்டம், மோட்டர், பற்சில்லு, தண்டவாளத்திலிருந்து மின் எடுப்பு ஆகியவற்றுக்கு நிறையவும் இடம் கொடுத்திருக்கிறோம். மேற்கூடு பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். ஓட்டம் சரியில்லாத எஞ்சினில் எவ்வளவு வேலை செய்தாலும் அந்த உழைப்பு வீண்.

சிறுபாதை என்றால் என்ன என்பதை முதலில் ஒருக்கால் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் 1980இல் ஸ்டாகர்ஸ் சட்டம் வந்தபின் பெரிய ரயில் நிறுவனங்கள் வருமானம் குறைந்த கிளைப்பாதைகளைக் கைகழுவின. அவற்றை வாங்கி நடத்திய சின்னக் கம்பனிகளுக்குப் புது எஞ்சின் வாங்கப் பணம் இல்லை. பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட பழைய எஞ்சின்களையே வாங்கின. சான்ட்டா ஃபே நிறுவனம் 1970க்கும் 1978க்கும் இடையில் டெக்சஸ் கிளீபேர்ன் பட்டறையில் தன் பழைய எஃப்7 எஞ்சின்களை உடைத்துக் கட்டி சிஎஃப்7 என்று 233 எஞ்சின்களை உருவாக்கியது. பிறகு அவற்றில் பெரும்பகுதி சிறுபாதைகளுக்குத்தான் போனது. பழைய முதலாளியின் நிறம் அப்படியே இருக்க, பெயரை மட்டும் ஒரு சதுரப் பூச்சால் மறைத்து, மேலே புது எழுத்தைப் போட்டு ஓட்டினார்கள்.

இதில் நமக்கு ஒரு நன்மை உண்டு. பூச்சில்லாத வெற்று மொடலைத் தேடி அலைய வேண்டாம். பெரிய நிறுவனம் ஒன்றின் நிறத்தில் தள்ளுபடிக்குக் கிடைக்கும் மொடலை வாங்கி, பெயரை மட்டும் மறைத்தாலே உண்மையான சிறுபாதை எஞ்சின் ஆகிவிடும். முழுதாகப் பூச்சு உரிக்கும் வேலையும் மிச்சம்.

தண்டவாள அகலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடக்குப் பாதை 1676 மில்லிமீற்றர் அகலப் பாதை. எச்ஓ அளவில், அதாவது 87இல் ஒன்றாக, அது 19.3 மில்லிமீற்றர் வரவேண்டும். கடையில் வரும் எச்ஓ தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர். சில்லை அகட்டி, தண்டவாளத்தையும் கையால் கட்ட முனைவது அனுபவசாலிக்கே வருடக்கணக்கான வேலை. 16.5ஐ ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடங்குவதே புத்தி. எம்2 செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே எல்லோருடைய ஆசையும். 1954 தொடக்கம் கொழும்புத் திட்டத்தில் கனடா கொடுத்த, கனடிய மாகாணப் பெயர் தாங்கிய அந்த எஞ்சின்களை விரும்பாதவர் யார்? ஆனால் எம்2இன் ஜி12 உடலுக்கு நேராகப் பொருந்தும் அடிப்படை எதுவும் இந்த மதிப்பீட்டில் உள்ள மொடல்களில் இல்லை. கீழே வரும் எஸ்டபிள்யூ1200 எஞ்சினில் இருக்கும் அதே 12 சிலிண்டர் 567 வகை டீசல்தான் அதற்குள்ளும் ஓடியது, ஆனால் உடல் வேறு, போகி (சில்லுகள் பூட்டிய அடித்தொகுதி) வேறு. அதை மூன்றாவது நாலாவது எஞ்சினாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் எஞ்சினுக்கு எங்கள் தெரிவு பாக்மன் கம்பனியின் ஜிஈ (ஜெனரல் எலெக்ட்ரிக்) 70 டன்னர். மூல எஞ்சின் 1940களின் நடுவில் இருந்து 1950களின் நடுவரை கட்டப்பட்டது, கூப்பர்-பெசமர் டீசல், சுமார் 600 குதிரைவலு. சிறுபாதைகளுக்கென்றே வடிவமைத்தது போல ஒரு வண்டி. மொடலில் ஒரே மோட்டர் இரண்டு போகியையும் ஓட்டுகிறது, எட்டுச் சில்லும் மின்சாரம் எடுக்கின்றன, உருவத்துக்கு மிஞ்சிய எடை இருக்கிறது. டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை) டிகோடர் உள்ளேயே வருவதால் சாதாரண டிசியிலும் ஓட்டலாம், பிறகு டிசிசிக்கும் போகலாம். இறுக்கமான வளைவிலும் திரும்புவதால், சுவரோரம் போட்ட ஒரு பலகையிலேயே இதற்கு வேலை உண்டு. குறை என்று சொன்னால், மேற்கூட்டுக்குள் வெற்றிடம் மிகக் குறைவு. ஒலிபெருக்கி வைக்க நினைப்பவர் சதுரச் சின்ன வகையையே தேட வேண்டும். கைப்பிடிக் கம்பிகளும் மெல்லியவை, கழற்றும்போது துளையிலிருந்து நேராக மேலே இழுக்க வேண்டும், பக்கவாட்டில் நெம்பினால் முறியும்.

அதே கம்பனியின் 44 டன்னரை வாங்கும்போது ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: உள்ளே மோட்டர் ஒன்றா, இரண்டா? பழைய பதிப்பில் போகிக்கு ஒன்றாக இரண்டு சின்ன மோட்டர். இரண்டும் ஒரே வேகத்தில் கிளம்பாது. ஒன்று இழுக்க மற்றது தேய்க்கும், மெதுவாக ஓட்டும்போது துள்ளும். பிறகு வந்த பதிப்பு ஒற்றை மோட்டருடன் திருத்திச் செய்யப்பட்டது, அது நம்பி வாங்கக்கூடியது. பெட்டியின் படம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். ஆகவே விற்பவரிடம் மேற்கூட்டைக் கழற்றிப் படம் அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். 44 டன் என்ற கணக்கு ஏன் வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டியதே: 1937இல் ஏற்பட்ட தொழிற்சங்க உடன்படிக்கையின்படி, இயங்கு சில்லுகளில் 90,000 இறாத்தலுக்கு மேல் எடை இருந்தால் சாரதிக்குத் துணையாக இன்னொருவரும் ஏற வேண்டும். அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்பதற்காகவே கட்டிய எஞ்சின் இது. உங்கள் கற்பனைப் பாதையில் ஒரே ஒரு சாரதிதான் என்றால் இதைவிடப் பொருத்தம் வேறில்லை.

புரோட்டோ 2000 வரிசை அடுத்தது. லைஃப்-லைக் கம்பனி தொடங்கியது, 2005இல் வோல்தர்ஸ் கைக்கு வந்தது. எஸ்டபிள்யூ9/1200, ஜிபி7, ஜிபி9 எல்லாம் இதில் உண்டு. உடலின் நுணுக்கம், மோட்டரின் அமைதி, பறப்புச்சில்லின் (மோட்டர் தண்டில் சுழலும் எடைச்சில்லு) நிதானம் மூன்றிலும் இன்றைக்கும் தலைநிமிர்ந்து நிற்கும் மொடல்கள். இரண்டாங்கைச் சந்தையில் மலிவாகக் கிடைப்பதற்கு ஒரே காரணம் பற்சில்லு வெடிப்பு. லைஃப்-லைக் காலத்து ஜிபி வகைகளில் இது மிகப் பரவலாக அறியப்பட்ட குறை. மற்றவற்றையும் பார்க்காமல் வாங்கக்கூடாது.

நடப்பது இதுதான். ஒவ்வொரு அச்சும் இரண்டு அரை அச்சுகளால் ஆனது. அவை நடுவில் உள்ள பிளாஸ்ரிக் பற்சில்லின் குழலுக்குள் இறுக்கிச் செருகப்பட்டிருக்கும். காலப்போக்கில் பிளாஸ்ரிக் சுருங்கும், உள்ளே இருக்கும் உலோகம் சுருங்காது, குழல் நீளவாக்கில் வெடிக்கும். வெடித்த இடத்தில் பல் இடைவெளி விரிந்து, அதை ஓட்டும் அடுத்த பற்சில்லுடன் சரியாகப் பொருந்தாது. சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு தடவை ‘டக்’ என்று இடிக்கும். பிறகு சில்லுகள் அச்சில் நகர்ந்து அகலம் மாறி, சந்திப்புத் தண்டவாளங்களில் தடம் புரளும். எஞ்சின் ஓடாமல் அலுமாரியில் கிடந்தாலும் வெடிக்கும். ஆகவே ‘பெட்டி திறக்காதது’ என்ற விளம்பரம் இதற்கு உத்தரவாதம் ஆகாது.

திருத்தம் கடினமில்லை. எஞ்சினைக் கவிழ்த்து நுரைப்பஞ்சில் வையுங்கள். போகியின் அடிமூடியைச் சின்னத் தட்டைத் திருகாணிச்சாவியால் நெம்பிக் கழற்றினால் அச்சுகள் மேலே வரும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து வெளிச்சத்தில் குழலைச் சுற்றிப் பாருங்கள், மயிரிழைபோல் கோடு தெரிந்தால் அதுதான் வெடிப்பு. ஒட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இந்த வழுக்கும் பிளாஸ்ரிக்கில் சுப்பர் குளூவும் நிற்காது. ஆதர்ன் கம்பனியின் 60024 இலக்கப் பற்சில்லு இதற்குப் பொருந்தும் என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்தது. ஒன்று வெடித்திருந்தாலும் நான்கையும் மாற்றுங்கள், மிச்சம் மூன்றும் அதே வயதுதான். பழைய சில்லுகளைத் திருகியபடியே இழுத்து எடுத்து, புதுப் பற்சில்லுக்குள் இருபுறமும் சமமாக அழுத்தி, என்எம்ஆர்ஏ (அமெரிக்க மொடல் ரயில் சங்கம்) அளவுகோலால் சில்லு அகலத்தைச் சரிபார்க்க வேண்டும். பற்சில்லு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால் போகிக்குள் உரசும். இவ்வளவும் கழற்றிய கையோடு பழைய கிறீஸையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். அது பிசின்போல் இறுகிப்போய், மோட்டரைத் தேவையில்லாமல் சூடாக்கும்.

எண்ணெய் விடயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். பிளாஸ்ரிக்குக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கும் எண்ணெய், கிறீஸ் மட்டும். தேங்காய் எண்ணெய் காறிப் பிசுபிசுக்கும். தையல் மெசின் எண்ணெய் சில பிளாஸ்ரிக்குகளைக் கெடுக்கும். ஊசிமுனையில் நிற்கும் ஒரு துளி போதும்.

நீலப் பெட்டியில் விற்றதால் நீலப்பெட்டி என்றே பெயர்பெற்ற ஆதர்னின் பழைய எஞ்சின்களைப் பற்றிப் பலர் இளக்காரமாகப் பேசுவார்கள். எங்களுக்கு உடன்பாடில்லை. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. முழு எஞ்சினையும் ஒரு திருகாணிச்சாவியோடு பத்து நிமிடத்தில் பிரித்துப் பரப்பலாம், பாகங்கள் ஒன்றோடொன்று மாறி மாறிப் பொருந்தும், விழுந்தாலும் தாங்கும். குறைகளும் வெளிப்படை. பழைய ஜிபி9, ஜிபி35 போன்றவற்றில் அந்தக் கால மோட்டருக்கு இடம்விட மூக்குப்பெட்டியை (டீசலை மூடும் நீண்ட கூடு) அளவுக்கு மிஞ்சி அகலமாக வார்த்துவிட்டார்கள். எவ்வளவு நுணுக்கம் சேர்த்தாலும் அந்த அகலம் கண்ணை உறுத்தும். சில்லுகள் அழுத்திச் செய்த இரும்புத் தூளால் ஆனவை, கரடான மேற்பரப்பில் அழுக்கு ஏறி மின்சாரம் தடைப்படும். நிக்கல்-வெள்ளி சில்லு மாற்றினால் பாதி நோய் போய்விடும்.

இதற்கு டிசிசி பொருத்துகிறவர்கள் தவறுகிற இடம் ஒன்றே ஒன்று. இந்த வகையில் அடிச்சட்டமே வலது தண்டவாளத்தின் மின்கம்பி. மோட்டரின் கீழ்க் கவ்வியில் உள்ள இரண்டு செப்புக் காதுகள் சட்டத்தைத் தொட்டபடி இருக்கும். அதை விலக்காமல் டிகோடர் போட்டால், மின்சாரம் கொடுத்த கணத்திலேயே அது எரியும். மோட்டரை ரப்பர் தாங்கிகளோடு தூக்கி எடுங்கள். கீழ்க் கவ்வியைக் கழற்றும்போது விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், உள்ளே கரித்துண்டும் சுருள்வில்லும் துள்ளிப் பறக்கக் காத்திருக்கும். காதுகளை வெட்டி, அந்தக் கவ்வியில் செம்மஞ்சள் வயரையும் மேல்கவ்வியில் சாம்பல் வயரையும் சோல்டர் பிடியுங்கள். கவ்வி மோட்டருக்கு வெளியே இருக்கும்போதே சோல்டர் பிடிக்க வேண்டும், இல்லையேல் பிளாஸ்ரிக் உருகும். சட்டத்தில் மோட்டர் அமரும் இடத்துக்கு வெப்பம் தாங்கும் மஞ்சள் ரேப் இரண்டு படை ஒட்டுங்கள். கைத்தொலைபேசி திருத்தும் கடைகளில் பயன்படுத்துவது இதே ரேப்தான், மெல்லிய வயரும் நல்ல சோல்டரும்கூட அங்கே கேட்டு வாங்கலாம். சிவப்பு வயர் சட்டத்துக்கு, கறுப்பு வயர் போகிகளின் மேலே ஏறும் தகட்டுக்கு. முடித்தபின் மல்ரிமீற்றரில் மோட்டர் முனை ஒவ்வொன்றையும் சட்டத்தோடும் எல்லாச் சில்லுகளோடும் தொட்டுப் பாருங்கள். ஓரிடத்திலும் மீற்றரின் பீப் சத்தம் கேட்கக்கூடாது. முன்விளக்கும் சட்டத்தையே தொட்டு எரிவதால் அதையும் விலக்கி, நீல வயரில் எல்இடி ஒன்றை ஆயிரம் ஓம் தடையோடு போட வேண்டும்.

டிகோடர் வாங்குமுன் மோட்டரின் உச்ச மின்னோட்டத்தை அளக்க வேண்டும். 12 வோல்ற் டிசி கொடுத்து, பறப்புச்சில்லை விரலால் ஒரு கணம் நிறுத்தி, அம்பியர் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். எச்ஓ டிகோடர்கள் பொதுவாக 1 அம்பியர் அளவில் தாங்கும். பழைய திறந்த மோட்டர்கள் அதைத் தாண்டும். தாண்டினால் மோட்டரை மாற்றுவதே மலிவு.

அட்லஸின் ஆர்எஸ்-1, எஸ்-2 இரண்டும் ஆல்கோ என்ற பழைய அமெரிக்க எஞ்சின் கம்பனியின் விரும்பிகளுக்கு. ஓட்டம் மிக மென்மை, மூக்குப்பெட்டியும் சரியான அகலம். 1980களில் ஜப்பானின் காட்டோ கம்பனி அட்லஸுக்காகச் செய்த ஆர்எஸ் வகை எஞ்சின்கள் இன்றும் மணிக்கூடுபோல் ஓடுகின்றன. எஸ்-2இன் மூலம் 1940 முதல் 1950 வரை கட்டிய 1,000 குதிரைவலு எஞ்சின். கைக்குச் சரியான விலையில் வந்தால் தயங்க வேண்டாம். உதிரிப்பாகம் மட்டும் நீலப்பெட்டி அளவுக்கு எளிதாகக் கிடைக்காது.

இடம் குறைந்தவர்கள் நீளத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 44 டன்னர் எச்ஓ அளவில் 117 மில்லிமீற்றர், எஸ்டபிள்யூ1200 சுமார் 155, ஜிபி9 சுமார் 197. இரண்டு மீற்றர்ப் பலகையில் ஜிபி9ஐ விட்டால், எஞ்சின் திரும்பி ஓடும் பக்கப்பாதையிலேயே ஒரு பெட்டிக்குரிய இடம் போய்விடும்.

இரண்டாங்கையாக எதை வாங்கினாலும் அடிச்சட்டத்தை நன்றாகப் பாருங்கள். சில பழைய வார்ப்புகளில் நாகக் கலவை அசுத்தமாக இருந்ததால் சட்டம் வீங்கி, வளைந்து, வெடித்துப் பொடியாகும். மேற்பரப்பில் சிலந்திவலைபோல் வெடிப்பு இருந்தாலோ மேற்கூடு நடுவில் பிதுங்கினாலோ வாங்க வேண்டாம். அதற்குத் திருத்தமே இல்லை.

அமெரிக்கப் பெட்டியோடு வரும் மின்பொதியை நேராகச் சுவரில் செருகக்கூடாது. அது 120 வோல்ற்றுக்குச் செய்தது, இங்கே 230. செருகியவுடன் புகைதான். அடியில் 100-240 என்று எழுதியிருந்தால் மட்டும் முனை மாற்றியைப் போட்டுப் பயன்படுத்தலாம். இல்லையேல் இறக்கும் மின்மாற்றி வேண்டும், அந்த மின்பொதி எத்தனை வாற்றோ அதைவிடக் கூடுதலாக.

கப்ளர் (வண்டிகளை இணைக்கும் கொக்கி) பழைய கொம்பு வகையாக இருந்தால் முதல் நாளிலேயே கேடி கம்பனியின் 5 அல்லது 148 இலக்கக் கப்ளரால் மாற்றிவிடுங்கள். உயரத்தை அதற்குரிய அளவுகோலில் பார்த்தே பொருத்த வேண்டும், அரை மில்லிமீற்றர் தாழ்ந்தாலும் சந்திப்புகளில் கீழே தொங்கும் முள் சிக்கும்.

பழைய எழுத்தை எடுக்க ஐசோபுறொப்பைல் அற்ககோல் போதும், 70 வீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது. மேற்கூட்டின் உட்புறத்தில் தொட்டுப் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தபின், பஞ்சுக்குச்சியால் எழுத்தின் மேல் மட்டும் மெதுவாகத் தேய்க்கலாம். ஹாட்வெயார் கடைத் தின்னர், நகப்பூச்சு நீக்கி இரண்டும் மேற்கூட்டின் பொலிஸ்ரைரீனையே கரைக்கும். மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் ஸ்பிறே பெயின்றிலும் அதே ஆபத்து. அக்கிரிலிக் பூச்சுக்கே போங்கள். கூடுதல் பாகங்களுக்கு 0.25, 0.5 மில்லிமீற்றர் ஸ்ரைரீன் தகடு வேண்டும். கிடைக்காவிட்டால் வெள்ளை யோகட் கோப்பையின் தட்டையான பகுதியை வெட்டி, பிளாஸ்ரிக் சிமென்றில் தொட்டுப் பாருங்கள். இளகி ஒட்டினால் அது பொலிஸ்ரைரீன், வேலைக்கு ஆகும். பழைய வங்கி அட்டை பிவிசி, அதற்குச் சுப்பர் குளூ.

பூச்சு வேலைக்குக் காலம் பார்க்க வேண்டும். மாரியில், கார்த்திகை மார்கழி மழை நாட்களில், ஈரப்பதம் பூச்சின் மேல் வெண்புகைபோல் படியும். சோளகம் வீசும் மாதங்களில் ஏ9 ஓரத்துச் செம்மண் தூசி ஈரப்பூச்சில் ஒட்டும். மாசி பங்குனி காலை வேளைதான் வாய்ப்பு, அதுவும் தரையில் தண்ணீர் தெளித்து, பூசியதை உடனே ஒரு பிளாஸ்ரிக் பெட்டியால் மூடிவைக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே உள்ள பரணில் எஞ்சினை வைக்காதீர்கள். மதிய வெயிலில் கைப்பிடிக் கம்பி நெளியும், மெல்லிய மேற்கூடு வளையும்.

எழுத்துக்கு நீர் டெக்கல் தாளை லேசர் அச்சில் எடுப்பதே நல்லது. இங்க்ஜெற்றில் எடுத்தால் வெட்டுமுன் தெளிந்த வார்னிஷ் இரண்டு படை அடிக்காவிட்டால் மை தண்ணீரில் கரையும். சாதாரண அச்சு இயந்திரம் வெள்ளை மை போடாது. வெள்ளை எழுத்து வேண்டுமானால் வெண்தளத் தாளில் எஞ்சினின் நிறத்தைப் பின்புலமாக அச்சடிக்க வேண்டும். சிறுபாதைக்காரர்கள் செய்த சதுர மறைப்பு இங்கேதான் கைகொடுக்கிறது: மறைப்புப் பூச்சும் டெக்கலின் பின்புலமும் ஒரே கறுப்பாக இருந்தால் ஓரம் தெரியாது. முதலில் பளபளப்பு வார்னிஷ், காய்ந்தபின் டெக்கல், அதன்மேல் மைக்ரோ சோல் (டெக்கலை இளக்கிப் படியவைக்கும் திரவம்), ஒருநாள் விட்டு மங்கல் வார்னிஷ். பளபளப்பு அடிக்காமல் டெக்கல் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளியாக மின்னும்.

பாதைக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசிப்பவர்களுக்கு வன்னியிலேயே ஒரு நல்ல கரு இருக்கிறது. ஆனையிறவு உப்பளத்தின் உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கற்பனைச் சிறுபாதை போட்டால், பரந்தனிலிருந்து போகும்போது தாங்கி வண்டி, வரும்போது உப்பு வண்டி என்று இரு திசைக்கும் சுமை இருக்கும். ஒரு 70 டன்னர், நாலு வண்டி, இரண்டு மீற்றர்ப் பலகை. பூச்சு வேலையில் சில்லோரத்திலும் அடிச்சட்டத்தின் கீழ்விளிம்பிலும் உப்புக்காற்றுத் துருவைக் கூடுதலாகவும் செம்மண்ணைக் குறைவாகவும் காட்டுங்கள். பரந்தன் பக்கத்து வண்டிகளுக்கு அதை மாற்றிச் செய்யலாம்.